மூச்சும் புகையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உண்ணுஞ் சோற்றிற் கல் இருப்பின் பல் அறிந்து விலக்கும். பருகும் நீர் கலங்கியிருப்பின் கண் காட்டிக் கொடுக்கும். நாடோறும் ஏறத்தாழ 20,000 முறை உட்கொள்ளும் மூச்சிற் கலந்திருப்பதை அறியவோ நமக்கு இயற்கையில் கருவியில்லை. அக்குறை தீரவே அறிவியலார் காற்றில் மிதக்குந் துகள்களை அளந்து ஆராய்ந்து வருகின்றனர்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். தலைமயிரின் பருமன் 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகளோ மூக்கையுந் தொண்டையையுங் கடந்து நுரையீரலின் ஆழத்திற் சென்று தங்கும். மிக நுண்ணியவை குருதியிலுங் கலக்கும். ஆதலின் புகையின் கேடு இருமலோடு ஒழியாமல், மாரடைப்பு, பக்கவாதம் என்பவற்றிற்குங் காரணமாகின்றது. 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகை மூடுபனியோடு கூடி இலண்டன் நகரை ஐந்து நாள் மூடிற்று. இறந்தோர் 4,000 பேர் என முதலிற் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் 12,000 வரை இருக்கலாம் என்றனர்.

இத்துகள் உடலோடு நில்லாது, வானத்தின் இயல்பையும் மாற்றுகின்றது. சென்னையிற் பிறந்த வீரபத்திரன் இராமநாதனும் பால் குரூட்சன் என்னும் அறிஞரும் முன்னின்று 1999-இல் நடத்திய இந்துமாக்கடல் ஆராய்ச்சியில், கடலின்மேல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம் பழுப்புநிறப் புகைப்படலம் பரந்திருத்தல் புலனாயிற்று. அது கடலில் விழும் வெயிலைக் குறைத்தது. அதிலுள்ள கரியோ வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடேற்றியது.

இங்கே ஒரு வினா எழும். கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பிவிட்டு உலகைக் குளிர்விப்பன. 1991-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினதுபோ எரிமலை வெடித்தபின் உலகம் ஏறத்தாழ அரை பாகை குளிர்ந்தது. அங்ஙனமாயின் புகையை ஒழித்தால் வெப்பம் மிகாதோ எனின், ஓரளவு மிகும் என்பது மெய்யே. எனினும் நிழல் வேண்டி முற்றத்தில் நச்சுமரம் வளர்ப்பாருண்டோ? வெப்பத்திற்கு மூலமான கரியமிலவாயுவையும் உடன் குறைத்தலே நேரிய வழி. அவ்வாயு பன்னூறாண்டு நிற்பது. கரித்துகளோ சில நாளில், மிஞ்சினால் இரண்டொரு வாரத்தில் மண்ணில் விழுவது. எனவே கரிப்புகையைத் தடுத்த பயன் விரைவிற் கைகூடும்.

அதனை எங்கே தொடங்குவது? அடுக்களையிலே தொடங்குவோம். வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அப்புகையை மிகுதியும் உண்பவர் பெண்களும் அவர்தம் மடியிலுள்ள மகவுகளுமே. பெண் கொடுக்கும் இடத்தில் நிலபுலம் எவ்வளவு என வினவும் நாம், அவ்வீட்டு அடுக்களையிற் புகை போக வழியுண்டா என வினவினோமா? எரிவாயு அடுப்பிருந்தும் விலை கருதி விறகை நாடும் வீடுகள் நம்முள்ளும் உள. பொருளுடையார் அத்தகைய உறவினர்க்கு உதவுக. போகியன்று பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தும் வழக்கை இளைஞர் விடுக. பெற்ற மகளுக்குப் பொன் அளிப்பதினும், புகையற்ற மூச்சை அளித்தல் பெரிய சீர் என உணர்வோமாக.