நான்கு வாத்தியங்களும் நம் குரலும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பினர் சார்பில் இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். டொக்டர்மாருக்கு இசையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பேச்சு கடைசியில் ஆஸ்பத்திரி வாட்டுக்குத்தான் வந்து சேரும்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. இந்த நான்கும் சேர்ந்ததே ஸ்ட்ரிங் குவார்டெட். 18ஆம் நூற்றாண்டில் ஹேடன் உருக்கொடுத்த ஐரோப்பிய அமைப்பு இது. சென்னையில் வி. எஸ். நரசிம்மன் 1993இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட், இதே அமைப்பில் கர்நாடகக் கிருதிகளை வாசிக்கிறது. அவருடைய வயலின் நமக்குப் புதிதல்ல. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில் ஒலிப்பது அதுவே.

நம் இசையில் ஒரே மெட்டுத்தான் ஓடும். பக்கவாத்தியங்கள் அதைப் பின்தொடரும். மேலைத்தேய இசையிலோ ஒரே நேரத்தில் பல சுரங்கள் அடுக்கடுக்காக ஒலிக்கும். இரண்டையும் சேர்ப்பது இலகுவல்ல. கமகத்தில் சுரம் அசைந்துகொண்டே இருக்கும். கீழே அடுக்கும் சுரங்கள் இராகத்துக்கு வெளியே போனால் இராகமே குலைந்துவிடும். இந்தக் குழுவின் வாசிப்பில் கிருதியை முதல் வயலின் கமகத்தோடு ஏந்திச் செல்கிறது. மற்ற மூன்றும் அதை மூடிவிடாமல், தமக்கென்று சொந்த வழியில் நடந்து அதற்குத் துணை நிற்கின்றன. மெட்டு மெட்டாகவே இருக்கிறது. ஆனால் தனித்து நிற்கவில்லை.

வயலினும் வந்தேறிய வாத்தியந்தான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைக்க முடிகிறதா? ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் முன்னோரும் கடல் கடந்து இந்த மலைகளுக்கு வந்தார்கள்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் நம் தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. சிங்களம் பேசாமல் கடைக்கும் போக முடியாது, கந்தோருக்கும் போக முடியாது. அதைக் கற்றது நமக்கு நன்மையே. ஆனால் ஆஸ்பத்திரியில் நாங்கள் காண்பது வேறொன்று. பால் வெட்டும் அம்மா ஒருவர் "நெஞ்சு கரிக்குது" என்பார். இன்னொருவர் "குத்துது" என்பார். மற்றவர் "கடுக்குது" என்பார். பக்கத்தில் நிற்பவர் மொழிபெயர்க்கும்போது மூன்றும் 'வலி' என்ற ஒரே சொல்லாகிவிடும். கமகம் போய்விடும். கரிப்பது இரைப்பையின் அமிலமாக இருக்கலாம். அழுத்துவது மாரடைப்பாக இருக்கலாம். நோயைக் கண்டுபிடிக்க அந்த வித்தியாசம் வேண்டும்.

ஆகவே தங்கைமாரே, சிங்களமும் ஆங்கிலமும் நன்றாகப் படியுங்கள். அவை உங்கள் வியோலாவாகவும் செலோவாகவும் இருக்கட்டும். முதல் வயலினைக் கீழே வைத்துவிடாதீர்கள். நம் அம்மாமார் சொல்லும் சொல்லை அதன் அசைவோடு கேட்க, வாட்டில் உங்களில் ஒருத்தியாவது நிற்க வேண்டும்.