அணையும் அச்சமும்



புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. எனினும், எல்லையோரம் வாழும் நம் குடும்பங்களைத் தொடும் பொருள் ஒன்றைக் கூற விழைகின்றோம். அஃது அச்சம்.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் குசராத்தின் மோர்வி நகருக்கு மேலிருந்த மச்சு அணை உடைந்து பெருந்தொகையான மக்கள் மாண்டனர். அச்செய்தி இடுக்கி மக்களைக் கலக்கிற்று. 1895-இல் முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் எஃகு வடங்களாலும் கற்காரைத் தாங்கு சுவராலும் அணை வலுவாக்கப்பட்டது. அச்சம் பொறியாளரிடம் சென்றதால் விளைந்த நன்மை இது.

2011-இல் இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் தோன்றின. அப்போது அச்சம் மேடைகளுக்குச் சென்றது. டிசம்பரில் குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. ஏலத்தோட்டத் தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கினர். தேனிப் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையில் ஒரு கல்லும் பெயரவில்லை, பெயர்ந்தவர் ஏழைகளே! அணை உறுதியானது என்று கண்டு, 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 மே 7 அன்றுதான்.

அதனால் ஆற்றங்கரையில் உறங்குவோரின் அச்சம் பொய்யென்று நாம் நகைக்கலாமா? கூடாது. நம் முதலமடை ஊராட்சியிலுள்ள பரம்பிக்குளம் அணையைத் தமிழ்நாடே பராமரிக்கிறது. 2022 செப்டம்பர் 21 அன்று அதன் மதகொன்று சேதமுற்று வெள்ளம் பாய்ந்தது. சாலக்குடி ஆற்றங்கரையோருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. குழந்தையை அணைத்துக்கொண்டு உறங்கும் தாய்க்கு மலையாளமென்றும் தமிழென்றும் வேற்றுமை உண்டோ?

வாக்குக் கேட்போருக்கு அச்சம் எளிய கருவி. அது விளக்கம் கேளாது. விரைந்து கூட்டம் சேர்க்கும். எமது தொழிலில் செங்கொடி கண்டால் வண்டியை நிறுத்துவோம். ஏன் நின்றதென்று பதிவேட்டிலும் எழுதுவோம். அரசியலில் செங்கொடி காட்டுவோரிடமும் அக்காரணத்தைக் கேட்போம். நீர்மட்டம் எவ்வளவு, யார் சோதித்தார், என்ன செய்யப்போகின்றனர் என வினவுவோம். கைப்பேசியில் வரும் வதந்தியை மறுகணமே பிறர்க்கு அனுப்பாதிருப்போம். அடுத்த வீட்டாரோடு பேச்சை நிறுத்தாதிருப்போம். கலவரம் வருநாளில் நமக்குக் கதவு திறப்பவர் அவரே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!