டைவர்ஸ் ஆனாலும் உயில் அப்படியேதான் இருக்கும்

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அக்கா.

2020 லாக்டவுன் நேரத்துல அக்கா ஒரு உயில் எழுதி வெச்சா. சென்னையில அவ பேர்ல இருக்கிற ஃப்ளாட், அவளுக்கு அப்புறம் மாமாவுக்குன்னு. போன வருஷம் ரெண்டு பேருக்கும் டைவர்ஸ் ஆயிடுச்சு. ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்குல கேட்டேன், "அந்த உயில் என்னாச்சுக்கா?"

"அதான் டைவர்ஸ் ஆயிடுச்சே, அது தானா செல்லாமப் போயிருக்கும்டா"ன்னா.

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. யூசரை டெலீட் பண்ணா அவரோட ரெக்கார்டும் சேர்ந்து போகிற மாதிரி. வக்கீல்கிட்ட கேட்டா, இல்லவே இல்லைன்னுட்டார்.

இங்கிலாந்துல அப்படி நடக்கும். அங்க 1837 உயில் சட்டத்தோட 18ஏ பிரிவுப்படி, உயில்ல வேற மாதிரி சொல்லியிருந்தா தவிர, டைவர்ஸ் ஆன தேதியிலயே முன்னாள் துணை இறந்துட்டதா வெச்சுத்தான் உயிலைப் படிப்பாங்க. நம்ம 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்துல அப்படி ஒரு பிரிவே கிடையாது. கல்யாணம் ஆனா பழைய உயில் ரத்துன்னு 69ஆம் பிரிவு சொல்லுது, அதுவும் இந்துக்களுக்குப் பொருந்தாது. டைவர்ஸ் பத்திப் பேச்சே இல்ல.

இதுல ஒரு வேடிக்கை. உயிலே எழுதாம ஒருத்தர் இறந்தா, முன்னாள் கணவரோ மனைவியோ வாரிசு ஆக முடியாது. ஆனா பழைய உயில் பீரோவுல இருந்தா, அதுல இருக்கிற பேருக்குத்தான் சொத்து.

சரி, எப்படி மாத்துறது? பழைய உயில்ல பேரை பேனாவால அடிச்சுட்டா மட்டும் செல்லாது. புது உயில் எழுதி, "முன்னாடி எழுதின எல்லா உயிலையும் ரத்து செய்கிறேன்"னு ஒரு வரி சேர்த்து, ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கணும். பதிவு பண்றது கட்டாயம் இல்ல, பண்ணா நல்லது. பேங்க், இன்சூரன்ஸ் நாமினி பேரையும் மறக்காம மாத்திடுங்க.

முன்னாள் துணைக்கே இருக்கட்டும்னு தெரிஞ்சே விடுறவங்களும் உண்டு. அது அவங்க விருப்பம். தெரியாம விட்டுட்டுப் போறதுதான் பிரச்சினை.

அக்கா இப்போ ஃப்ளாட்டை அம்மா பேருக்கு எழுதிட்டா. பழைய உயிலைக் கிழிச்சப்போ கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னா, "கோர்ட்டுல கையெழுத்து போட்டப்போகூட இவ்வளவு கஷ்டமா இல்லடா."

உங்க வீட்டுலயும் யாராவது இருந்தா, இன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.