உடலுழைப்பும் ஊர்ப்பணியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழாக் குழுவினர் இவ்வாண்டு நமக்கு அளித்துள்ள தலைப்பு ‘உடல்நலம் பேணல்’ என்பதாகும். இத்தலைப்பில் அரை மணி நேரம் பேசுவது எளிது. அரிசியைக் குறையுங்கள், காலையில் எழுந்து நடங்கள், இனிப்பை விலக்குங்கள் என்று சொல்லி அமரலாம். கேட்போரும் தலையசைப்பர், பிறகு விருந்தில் முதலில் பாயசத்தைத் தேடுவர். ஆதலின் தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்ள விழாக் குழுவினரின் இசைவைக் கேட்டுப் பெற்றோம். உடலைப் பேணுவதையும் ஊரைப் பேணுவதையும் ஒரே மண்வெட்டியால் செய்ய இயலுமா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் பொருள்.

முதலில் நம் நிலைமையைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 25.5 பேருக்கு நீரிழிவு உண்டு என்று அது கூறுகிறது. தமிழ்நாட்டுக்கு அதே ஆய்வு தரும் எண் 14.4. பிறந்த ஊர் பொள்ளாச்சியாகவும் வாழும் ஊர் கொழிஞ்சாம்பாறையாகவும் இருக்கும் நமக்கு எந்த எண் பொருந்தும் என்று கேட்டால், சோறு உண்ணும் ஊரின் எண்ணே பொருந்தும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வூருக்கு வந்த நம் முன்னோர் கலப்பையும் கடப்பாரையுமாக வந்தவர்கள். பனை நின்ற மேட்டைத் திருத்திக் கடலையும் காய்கறியும் விளைவித்தவர்கள். அவர்களுடைய பேரர்களாகிய நாம் கடையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் அமர்ந்து வேலை செய்கிறோம். அமர்ந்து வேலை செய்வதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் அமர்ந்த உடல் எழ மறுக்கிறது. நம் குடியிருப்பில் சித்திரையில் தொடங்கிய காலை நடை ஆடிக் காற்று வீசத் தொடங்கும்போது எத்தனை வீடுகளில் எஞ்சியிருக்கிறது? நடைக்கென்று வாங்கிய காலணிகளை எண்ணினால் நடப்பவரைவிட மிகுதியாக இருக்கும். நடப்பது நன்று என்பதை அறியாதவர் இந்த மன்றத்தில் ஒருவரும் இலர். விடியற்காலையில் நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பும் கட்டாயம் ஒன்றே நமக்கு இல்லை.

இக்குறையைப் பிற நாட்டார் எவ்வாறு தீர்த்தனர் என்று பார்ப்பது பயனுடையது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு மாவட்டத்துச் சானிங் காமன் என்னும் சிற்றூரில் வில்லியம் பேர்டு என்னும் மருத்துவர் இருந்தார். அவருடைய முயற்சியால் 1998ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புத் தொண்டர் அமைப்பொன்றின் துணையோடு ‘பசுமை உடற்பயிற்சிக் கூடம்’ என்னும் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. பெயர்தான் கூடம்; கூரையும் இல்லை, இரும்புக் குண்டுகளும் இல்லை. உறுப்பினர்கள் கூடி உடலைத் தளர்த்தும் பயிற்சிகளை முதலில் செய்வர். பிறகு புதர் வெட்டுவர், கன்று நடுவர், பாதை திருத்துவர். முடிவில் மீண்டும் மெல்லிய பயிற்சிகள். அம்முறை அந்நாட்டின் பல ஊர்களுக்கும் பரவியது.

இலண்டன் மாநகரில் எழுந்த மற்றொரு வழக்கம் இன்னும் நயமானது. ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர்கள் வெறுமனே ஓடித் திரும்பாமல், தனித்து வாழும் முதியவர் ஒருவரின் வீட்டை இலக்காக வைத்து ஓடுவர். அவரோடு சிறிது நேரம் பேசியிருந்துவிட்டுத் திரும்பி ஓடுவர். ‘குட்ஜிம்’ என்பது அவ்வமைப்பின் பெயர். பூங்காக்களிலும் பள்ளிகளிலும் கூடி வேலை செய்வதும் அதன் பணிகளுள் அடங்கும். இதனுள் இருக்கும் நுட்பம் யாது? மழை பெய்தால் ஓடாமல் இருந்துவிடலாம். ஆனால் சன்னலருகே ஒரு முதியவர் காத்திருக்கிறார் என்றால் இருந்துவிட முடியாது. நாம் தேடிய கட்டாயம் அந்தச் சன்னலில் இருக்கிறது.

இவையெல்லாம் வெள்ளையர் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டா. ஏரியையும் வாய்க்காலையும் ஊரார் ஒன்றுகூடி ஆண்டுதோறும் தூர்வாரிச் செப்பனிடும் குடிமராமத்து நம் நாட்டின் பழைய வழக்கம். எனினும் அதைப் போற்றும்போது ஒன்றை மறைத்தலாகாது. நிலமுடையார் கரைமேல் குடை பிடித்து நிற்க, நிலமில்லாதார் சேற்றில் இறங்கி மண் சுமந்த ஊர்களும் பல. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டில் இதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. கட்டாயத்தின் சுமை யார் தலையில் விழுந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்று நாம் அவ்வழக்கத்தை எடுத்துக்கொள்வதானால், கரையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் சேற்றில் இறங்குவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இலங்கையில் அவ்வாறே ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. 1958ஆம் ஆண்டு டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன தம் மாணவர்களையும் உடனாசிரியர்களையும் அழைத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்ட குலத்தார் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். நகரத்து வீட்டுப் பிள்ளைகள் அவ்வூராரோடு சேர்ந்து உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்தே வளர்ந்து ஆயிரக்கணக்கான கிராமங்களை எட்டியது.

அத்துணைத் தொலைவும் போக வேண்டா. வேலந்தாவளம் கடந்தால் கோவை. அங்கே 2017ஆம் ஆண்டில், வறட்சி கடுமையாக இருந்த காலத்தில், குளங்களைக் காக்க வேண்டுமென்று பொதுமக்கள் சிலர் பேரூர்ப் பெரியகுளத்தில் மண்வெட்டியோடு இறங்கினர். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு என்று அறியப்பட்ட அவர்கள் ஞாயிறுதோறும் கூடினர். மாணவர், தொழிலாளர், இல்லத்தரசியர், ஓய்வு பெற்றோர் என்று யாவரும் அதில் இருந்தனர். பேரூரில் வேலை முடிந்ததும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. பல்லாண்டுகள் நீரின்றிக் கிடந்த வெள்ளலூர்க் குளத்திற்குச் சென்று, நொய்யலிலிருந்து அதற்கு நீர் கொணரும் வாய்க்காலில் அடைந்திருந்த மண்ணையும் நெகிழிக் குப்பையையும் அள்ளினர். குளத்திற்கு நீர் வந்தது. கரையில் மரங்களை அடர்த்தியாக நட்டனர். பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன. ஞாயிறுகள் நூறு என்றும் இருநூறு என்றும் எண்ணப்பட்டன. ஒரு நாள் கூடிப் படம் எடுத்துக்கொண்டு கலையும் தொண்டுகளை நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம். அவற்றால் குளத்திற்கும் பயனில்லை, இடுப்பிற்கும் பயனில்லை. நூறு ஞாயிறு குனிந்து நிமிர்ந்தவரின் உடல் எவ்வாறு இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். கேரளம் என்றாலே மழை என்று தஞ்சையிலும் மதுரையிலும் உள்ள உறவினர் எண்ணுகின்றனர். மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். அதில் பாதியைக்கூட எட்டாத நிலம் சிற்றூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி. கணவாய்க் காற்று வீசுகிறது, மேகம் நம் தலைக்கு மேலே கடந்து போகிறது, மழை வேறெங்கோ பெய்கிறது. வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை மூன்றுக்கும் இதுவே கதை. நமக்கு உயிர்நாடி ஆழியாற்று நீர். 1958ஆம் ஆண்டு நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொண்டு 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து கேரளத்திற்கு விடப்பட வேண்டும். அந்த நீருக்காக இரு மாநிலத்துப் பொறியாளர்களும் அமைச்சர்களும் ஆண்டுதோறும் கூடிப் பேசுகின்றனர், கடிதம் எழுதுகின்றனர். நாமும் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு காரசாரமாக விவாதிக்கிறோம், தமிழர் என்ற முறையில் ஒரு பக்கமும் உழவர் என்ற முறையில் மறுபக்கமுமாக! அவ்வளவு பாடுபட்டு வரும் நீர் கடைசி வாய்க்காலில் ஆகாயத்தாமரையிலும் நெகிழிப் பையிலும் முட்டி நின்றுவிட்டால், அதை நகர்த்த எந்த உடன்படிக்கையாலும் ஆகாது.

நிலத்தடி நீரின் அருமையை உலகுக்கே உணர்த்திய மண்ணும் நம் வட்டத்தில்தான் இருக்கிறது. பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் குளிர்பானத் தொழிற்சாலை வந்தது. கிணற்று நீர் கெட்டதைக் கண்ட பழங்குடிப் பெண்கள் 2002 ஏப்ரலில் வாயிலின்முன் அமர்ந்தனர். மயிலம்மா என்னும் எழுத்தறியாத தாய் அவர்களுக்கு முன்னின்றார். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. அவர்கள் காத்த நீரை நாம் நம் கொக்கர்ணிகளில் குப்பை கொட்டி இழப்பது முறையாகுமா?

ஆகவே நாம் முன்வைக்கும் திட்டம் இதுதான். ஞாயிறுதோறும் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, ஒரு வாய்க்கால் அல்லது ஒரு குளக்கரையை எடுத்துக்கொண்டு, முடியும்வரை அதையே செய்வது. முதற் பத்து நிமிடம் கைகால்களை அசைத்து உடலைச் சூடேற்ற வேண்டும். இதைக் கேலி செய்பவர் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவர். மண் தோண்டும்போது உடல், ஓய்ந்திருக்கும்போது செலவிடுவதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது. விரைந்த நடைக்குச் சற்றேறக்குறைய நான்கு மடங்கு. பாண்டுச் சட்டியைத் தூக்குகையில் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். முழுச் சட்டி வேண்டா, அரைச் சட்டி போதும். வரிசையாக நின்று கைமாற்றினால் அறுபது வயதினரும் பங்கு கொள்ளலாம். இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உடையோர் மருத்துவரைக் கேளாமல் மண்வெட்டியைத் தொடலாகாது. அவர்களுக்குக் கன்றுகளின் கணக்கு எழுதும் வேலை இருக்கிறது. அதற்கும் நடக்கத்தான் வேண்டும்.

ஞாயிறு மட்டும் போதுமா? போதாது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், தசையை வலுப்படுத்தும் வேலை இரு நாளேனும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கூறிய அளவு. அதனால்தான் கன்று நடுவதை வற்புறுத்துகிறோம். நம் வெயிலில் நட்ட கன்று ஞாயிறு வரை காத்திராது. புதன்கிழமை மாலை ஆளுக்கு இரண்டு குடம் நீர் சுமந்து சென்றால் இரண்டாம் நாளும் நிறைவுறும். இலண்டன் முதியவரின் சன்னலுக்கு ஈடாக நமக்கு வாடும் வேப்பங்கன்று இருக்கும்.

இடர்களையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டிற்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். மாசி முதல் வைகாசி வரை எட்டு மணிக்குமேல் ஒரு நிமிடமும் நிற்கலாகாது. சேற்றில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் அச்சம் உண்டு. காலில் புண்ணுடையோர் இறங்க வேண்டா. மற்றவர் முழங்கால்வரை ரப்பர் காலணி அணிய வேண்டும். தடுப்பு மாத்திரை குறித்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முன்னரே கேட்டு அதன்படி நடக்க வேண்டும். வேலை முடிந்த களிப்பில் தேங்கிய குட்டையில் குதித்து நீராடும் ஆசையை இளைஞர்கள் விட்டொழிக்க வேண்டும். மூக்கின் வழியே மூளையைத் தாக்கும் அமீபா நோய் அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் உயிர்களைக் குடித்திருக்கிறது. குளமும் வாய்க்காலும் பஞ்சாயத்துக்கோ பாசனத் துறைக்கோ உரியவை. எழுத்து வடிவில் இசைவு பெறாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கலாகாது.

நம்முள் ஒருவர் எழுப்பிய வினா ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. நாம் காசின்றிச் செய்தால் கூலிக்குச் செய்வோரின் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்டார். மிக நியாயமான வினா. நம் மாவட்டத்துப் பூக்கோட்டுக்காவுப் பஞ்சாயத்தில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் வேலையுறுதித் திட்டத்தின்கீழ்ப் பெண்களே இறங்கி நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளைத் தோண்டினர். அவர்களுக்கு உடற்பயிற்சியைப் பற்றிப் பாடம் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. அவர்களுக்குத் தேவை முழுக் கூலி. ஆகையால் கூலிக்கு ஒப்படைக்கப்பட்ட, ஒப்படைக்கப்படக்கூடிய வேலை எதையும் நாம் தொடுவதில்லை என்று முதலிலேயே தீர்மானம் எழுதிக்கொள்வோம். எவருடைய கணக்கிலும் வராமல் கிடக்கும் கரை, கிளை வாய்க்காலின் குப்பை, படிப்பகத்தின் முற்றம், பள்ளித் தோட்டம் இவையே நம் களம். எது யாருடைய வேலை என்பதில் ஐயம் வந்தால், அவ்வேலையைச் செய்து வந்த பெண்களிடமே சென்று கேட்போம்.

இன்னும் ஒன்று. இது தமிழர் வேலை, அது மலையாளியர் வேலை என்று வாய்க்கால் பிரிந்து ஓடுவதில்லை. இவ்வூரில் மலையாள அன்பர்களின் வாசகசாலைகளும் கலை, விளையாட்டு மன்றங்களும் நீண்ட காலமாகத் தொண்டு செய்து வருகின்றன. நம் சங்கம் தனியே ஒரு கொடி நாட்டுவதைவிட அவர்களோடு சேர்ந்து இறங்குவதே தக்கது. மொழிச் சிறுபான்மையினராகிய நாம் பள்ளிக்கும் படிவத்திற்கும் உரிமை கேட்டுப் பலமுறை அலுவலகங்களுக்குச் சென்றிருக்கிறோம், இனியும் செல்வோம். அருகில் நின்று சட்டி கைமாற்றியவர் அப்போது நம்மோடு வருவார் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. வராவிட்டாலும் வாய்க்கால் திறந்திருக்கும்.

அழைப்பிதழை மலையாளத்தில் எழுத இளைஞர் இருவர் முன்வந்துள்ளனர். மண்வெட்டி பன்னிரண்டும் பாண்டுச் சட்டி இருபதும் சங்கத்தின் செலவில் வாங்கலாம் என்று செயற்குழு இசைந்திருக்கிறது; ரப்பர் காலணி அவரவர் பொறுப்பு. இசைவு கோரும் மனு மேசைமேல் இருக்கிறது. கையொப்பமிட விரும்புவோர் விருந்துக்குச் செல்லுமுன் ஒப்பமிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறோம். பாயசத்தைப் பற்றி இன்று ஒன்றும் சொல்வதற்கில்லை.