கூடும் ஓர் இல்லமே!



வீடு இறைவன் நமக்கு வழங்கிய பெரும் அருட்கொடை. கடன்பட்டும், கடல் கடந்து உழைத்தும் நாம் ஒரு வீட்டைக் கட்டி முடிக்கிறோம். ஆனால் அந்த வீடு எழும்போது, அங்கே முன்பே குடியிருந்த சின்னஞ்சிறு உயிர்கள் இடம் இழப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறை (6:38) கற்பிக்கும் பாடமாகும்.

நமது ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. காட்டுப் பறவைகளுக்கு வனத்துறையின் காவல் உண்டு. நம் தெருச் சிட்டுக்குருவிக்கு யார் காவல்? நாம்தாம்!

பழைய ஓட்டு வீடுகளில் உத்திரத்தின் இடுக்கும் சுவர்ப் பொந்தும் அதற்கு இல்லமாயின. இடுக்கே இல்லாத காங்கிரீட் வீட்டில் அது எங்கே கூடு கட்டும்? வளர்ந்த குருவி தானியம் தின்னும்; அதன் குஞ்சுக்கோ பூச்சிகளே முதன்மையான உணவு. முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசி, செடிகளுக்கு நச்சு மருந்தும் தெளித்துவிட்டு, அரிசியை மட்டும் தூவினால் குஞ்சு பிழைக்காது. வீட்டு மனைகளுக்காகப் பனைகள் சாயும்போது தூக்கணாங்குருவியும் கூடு தொங்கவிடும் இடத்தை இழக்கிறது.

சகோதரர்களே! நபித்தோழர் சிலர் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு பணித்தார்கள் (அபூதாவூத்). நாம் நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்பதும் நமக்குத் தர்மமாகும் என்றும் அறிவித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்).

ஆகவே பழைய வீட்டை இடிக்கும் முன் கூடு இருக்கிறதா எனப் பாருங்கள். சிட்டுக்குருவி முட்டையிட்டது முதல் குஞ்சு பறந்து செல்லும் வரை ஏறத்தாழ ஒரு மாதமே ஆகும். அதுவரை கொத்தனாரை மறுபக்கத்தில் வேலை செய்யச் சொல்லலாமே! புது வீட்டில், பூனை எட்டாத நிழலான சுவரில் ஒரு கூட்டுப் பெட்டியைப் பொருத்துங்கள். முற்றத்தில் சிறிதளவு மண்ணை விட்டு வையுங்கள். கறிவேப்பிலையைக் காய்த்துப் பழுக்க விடுங்கள். குயிலும் கொண்டைக்குருவியும் தேடி வரும். செம்பருத்தி வையுங்கள், தேன்சிட்டு வரும். மண்சட்டியில் நாள்தோறும் புதுநீர் ஊற்றும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இரக்கம் அவர்கள் கைப்பழக்கமாகட்டும்.

நம் இல்லங்களைப் பிற உயிர்களுக்கும் நிழல் தரும் இல்லங்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.