முழங்காலும் காப்புறுதியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சேவையே வழிபாடு என்று மேடைதோறும் கூறுகிறோம். இன்று நம் தோட்டங்களில் அச்சேவையை வேண்டி நிற்பவை எவை? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து, மலைச்சரிவில் ஏறியிறங்கிக் கொழுந்து பறித்த தாய்மாரின் முழங்கால்களே! மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் கோயிற்படியும் அவர்களுக்கு மலையாகிவிடுகிறது.

இதற்கு விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்னும் வைத்தியர் 1962ஆம் ஆண்டில் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தி, இத்துறைக்கு அடிகோலினார். முழங்கால் மூட்டையும் மாற்றும் சத்திரசிகிச்சை இன்று இலங்கையிலேயே நடைபெறுகிறது. ஆயினும் தனியார் ஆஸ்பத்திரியில் அதற்குப் பல இலட்சம் ரூபாய் வேண்டும்.

கொழும்பில் வேலைபார்க்கும் நம் இளைஞர் சிலர், "கம்பெனிக் காப்புறுதி இருக்கிறது, அம்மாவுக்கு அது போதும்" என்று எண்ணியிருக்கிறார்கள். அவர்கள் பத்திரத்தை எடுத்து நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். பெற்றோர் அதில் அடங்குவரா, எந்த வயது வரை? முன்பே இருந்த நோய்க்குப் பணம் உண்டா, காத்திருப்புக் காலம் எவ்வளவு? செயற்கை மூட்டின் விலையும் சேருமா, அதற்குத் தனி வரம்பு உண்டா? வேலையை விட்டால் காப்புறுதி என்னாகும்?

காப்புறுதி என்பது வரக்கூடிய ஆபத்துக்காகப் பலர் கூடிச் சேர்க்கும் பொதுப்பணம். வந்துவிட்ட நோய்க்காக ஏற்பட்டதன்று. மூட்டுத் தேய்வோ ஆண்டுக்கணக்கில் வளர்வது. ஆதலால் நோவு தொடங்குமுன்பே காப்புறுதி செய்யவேண்டும். இருக்கும் நோயை மறைத்துக் கையொப்பமிட்டால், பணம் கேட்கும் நாளில் பத்திரமே செல்லாமற் போகலாம். உண்மை பேசுதல் தருமம். இங்கு அதுவே பாதுகாப்பும் ஆகும்.

பத்திரமே இல்லாத தொழிலாளிக்கு வழி என்ன? அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை. செயற்கை மூட்டை யார் வாங்கவேண்டும், எத்தனை காலம் காத்திருக்கவேண்டும் என்பவற்றை மட்டும் கிளினிக்கிலேயே கேட்டறிந்து கொள்ளவேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஜனாதிபதி நிதியம் வசதியற்ற நோயாளருக்கு உதவுகிறது. 2025 முதல் அதற்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதுமைக்கென்று வந்த பணம். அதை முழுவதும் ஒரு முழங்காலுக்கே கொட்டித் தீர்க்குமுன் இவ்வழிகளை நாடிப் பார்ப்போமாக.

பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நம் பெரியோருக்கு அவை விளங்குவதில்லை. ஆகவே தோட்டத்துக்கு இரண்டு இளைஞர் முன்வரவேண்டும். மாதம் ஒரு போயா நாளில் கோயில் மண்டபத்தில் அமர்ந்து, காப்புறுதிப் பத்திரத்தையும் விண்ணப்பங்களையும் தமிழில் வாசித்து விளக்கட்டும். பெரிய நிதி வேண்டியதில்லை. எழுத்தறிவும் பொறுமையும் போதும்.

நம்மைப் பள்ளிக்கு அனுப்புவதற்காக மலையேறிய கால்கள் அவை. நாம் கற்ற கல்வி அக்கால்களுக்குத் துணைநிற்கட்டும்.