மொய் நோட்டும் கல்வி நிதியும்

(மஞ்சக்குட்டையில் கூடிய நம் சங்கத்துக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேற்படிப்புக்காகச் சேலம் இறங்கும் நம் மலைப் பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கென நம் சங்கம் ஒரு நிதி தொடங்கியிருப்பதை யாவரும் அறிவீர்கள். அதற்கு உதவி கோரி அச்சிட்ட வேண்டுகோள் வீடுதோறும் சென்றது, பணம் வரவில்லை. நம் ஜனங்களுக்குத் தரும சிந்தை இல்லையென்று நிர்வாகிகளுள் சிலர் மனம் நொந்து பேசுகின்றனர். அவ்வாறு பேசுவது நியாயமன்று. அதே ஜனங்கள் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும், கலியாண வீட்டு மொய்க்கும், விடியவிடிய நடக்கும் கூத்துக்கும் கேளாமலே கொடுக்கின்றார்கள். ஆகையால் குறை, கேட்கும் முறையில் இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

மொய் எழுதும் இடத்தைச் சற்று நோக்குங்கள். கொடுப்பவர் கண்முன்னேயே அவர் பெயரும் ஊரும் தொகையும் நோட்டில் ஏறுகின்றன. இருபது ஆண்டு கழித்து அவர் வீட்டில் விசேஷம் வரும்போதும் அந்நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள். புதுக்கோட்டை ஜில்லாவில் ஆலங்குடி முதலிய ஊர்ப்பக்கங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துவார்கள். 2018ஆம் ஆண்டு கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது அந்த ஜில்லாவில் ஒரு தேநீர்க்கடைக்காரர் தம் கடையிலேயே மொய் விருந்து வைத்து, தேநீர் அருந்தியோர் அளித்த பணத்தை நிவாரணத்திற்குக் கொடுத்தார். அவர் நீண்ட வேண்டுகோள் ஒன்றும் எழுதவில்லை. மொய் என்ற ஒரு சொல்லே, என்ன செய்ய வேண்டுமென்பதை வந்தவர்களுக்குச் சொல்லிவிட்டது. நமது அச்சுக் காகிதமோ, தலைவர் செயலாளர் பொருளாளர் பெயர்களைப் பாதிப் பக்கம் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பற்றி மூன்று வரி சொல்கிறது!

கூத்தில் கட்டியங்காரன் ஆட்டத்தை இடையே நிறுத்தி, அன்பளிப்புச் செய்தவர் பெயரை உரக்கச் சொல்வதைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். அப்பெயரைக் கேட்ட மறு நிமிஷமே பக்கத்திலிருப்பவர் மடியை அவிழ்க்கிறார். ஆயினும் இதில் ஒரு கேடு உண்டு. ஆயிரம் கொடுத்தவர் முதலிலும் இருபது கொடுத்தவர் கடைசியிலுமாகப் பெயர்களைப் படித்தால், இருபது கொடுத்தவர் அடுத்த ஆண்டு கூட்டத்திற்கே வரமாட்டார். நம் பத்திரிகையில் பெயர்களை ஊர் வாரியாகவும் அகர வரிசையிலும் வெளியிடுவதே தக்கது.

மகாத்மா காந்தி 1933 நவம்பர் முதல் ஹரிஜன நிதிக்காக ஒன்பது மாத காலம் தேசமெங்கும் சுற்றி ஏறக்குறைய எட்டு லட்ச ரூபாய் திரட்டினார். தமக்கு அளிக்கப்பட்ட உபசாரப் பத்திரங்களையும் பரிசுப் பொருள்களையும் அந்த மேடையிலேயே ஏலம் போட்டார். கையெழுத்துக் கேட்டவரிடம் ஐந்து ரூபாய் வாங்கினார். ஏலம் என்பது சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரிந்த வேடிக்கையன்றோ? 1934 ஜனவரியில் வடகரையில் கௌமுதி என்னும் இளம்பெண் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தபோது, பெற்றோர் சம்மதம் உண்டா என்று அவர் விசாரித்தார். பணம் வந்தால் போதும் என்றிருப்பவர்கள் இந்த விசாரணையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சங்கீதத்தால் நிதி திரட்டியதற்கும் உதாரணம் உண்டு. கஸ்தூரிபா நினைவு நிதிக்காக 1944இல் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி கச்சேரிகள் செய்தார். நம்மிடம் அத்தகைய வித்வாம்சினி இல்லை. கூத்துக் கலைஞர் இருக்கின்றனர். ஓர் இரவு ஆட்டத்தின் வசூலை நிதிக்கு விடலாம். ஆனால் அவர்களுடைய கூலியை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

இனி, நமக்கு மிகவும் பயன்படத்தக்கது விருதுநகர்க் கதை. அங்கு நாடார் சமூகத்தார் நடத்திய க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் பயின்றார். வீடுதோறும் உலைக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இட்டுவைத்து, அதைத் திரட்டிப் பள்ளிக்கு ஆக்கினார்கள். வியாபாரிகள் வியாபாரத்திற்குத் தக்கபடி மகமை செலுத்தினார்கள். ஒரு பிடி அரிசி குறைந்ததனால் எந்த வீட்டிலும் எவரும் பசித்திருக்கவில்லை. நாள்தோறும் கலயத்தில் கையிடும் தாய்க்குப் பள்ளிக்கூடம் தன்னுடையது என்ற எண்ணம் நிலைத்தது. இதை நான் அரிசியின் விலையைக் காட்டிலும் பெரிதாக மதிக்கிறேன்.

நம் மலையில் விளைவது காப்பியும் மிளகும். காப்பிப் பழம் கார்த்திகை முதல் தை வரை. அதன் பின்னே மிளகு. நம் வேண்டுகோள் சென்றதோ ஆடியில், கையில் காசில்லாத மழைக்காலத்தில்! தோட்டமுடையவர் மிளகு காயும் களத்தில் ஒரு படியை நிதிக்கென்று எடுத்துவைத்தால், அதை ஒன்றாய்ச் சேர்த்து விற்கலாம். இதற்கு ஒரு பெரியவர் சொன்ன ஆட்சேபணை மிகவும் நியாயமானது. அயலார் எஸ்டேட்டில் கூலிக்குப் பறிப்பவர் மிளகு கொண்டுவந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற வீண் பழி அவர் மேல் விழும். ஆதலால் அவர்களிடம் மிளகு வாங்கலாகாது. மனமுள்ளவர் வாரக் கூலியிலிருந்து ஒரு தேநீர் விலையைக் கொடுக்கட்டும். இல்லையேல் மூட்டை கட்டும் அன்று ஒரு நாழிகை கைகொடுக்கட்டும். அதையும் நோட்டில் எழுத வேண்டும்.

கைப்பேசி வழியே பணம் அனுப்பலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்குவோம். ஆனால் பணம் சேர்ந்ததென்று யந்திரம் செய்தி அனுப்புவதோடு நின்றுவிடாமல், கிளைச் செயலாளர் அன்றே பெயரை எழுதி, வணக்கமும் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் படத்தை அச்சிட்டு, இவர்கள் ஏழைகள் என்று விளம்பரம் செய்ய வேண்டுமென்ற யோசனையை நான் ஒப்புக்கொள்ளேன். விடுதியில் உடன் படிப்பவர் கண்ணில் அப்படம் பட்டால் அந்தப் பெண்ணின் மனம் என்னவாகும்? எத்தனை பேருக்கு எத்தனை மாதம் கட்டணம் செலுத்தினோம், மீதம் எவ்வளவு என்று மாதந்தோறும் இப்பத்திரிகையில் கணக்கு வெளியிட்டால் போதும்.

கார்த்திகை பிறக்குமுன் ஊருக்கு ஒரு நோட்டு தைத்து, முதற்பக்கத்தில் மஞ்சள் தடவி, ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் படித்த பெண் ஒருத்தியிடமும் சேர்த்து ஒப்படைக்க வேண்டுமென்று இக்கூட்டத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். மஞ்சக்குட்டை நோட்டில் முதல் பெயரை எழுத அவைத்தலைவர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள்.